இரண்டு தராசுகளில் நிறுக்கப்பட்ட மனிதர்: அடம் கிளேடன் பவல்

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில், வறிய பிள்ளைகளுக்கான கல்வி என்ற தலைப்பில் ஒரு விரிவுரைக் குறிப்பு தந்தார்கள். அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ முன்பள்ளித் திட்டமும், அதே ஆண்டு நிறைவேறிய ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டமும் அதில் இருந்தன. ஜனாதிபதி ஜோன்சனின் பெயரும் இருந்தது. அந்தச் சட்டங்கள் எந்தக் குழுவின் வழியாக வந்தனவோ, அந்தக் குழுவின் தலைவர் பெயர் மட்டும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு புத்தகத்தில்தான் அந்தப் பெயரைக் கண்டேன். அடம் கிளேடன் பவல். நம்மில் பலர் அறிந்த பவல், ஈராக் யுத்தத்துக்கு முன் ஐ.நா. சபையில் பேசிய கொலின் பவல். இவர் வேறொருவர். 1972இலேயே இறந்துவிட்டவர்.

இவரை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த ஒரு காரணம் உண்டு. சிறுபான்மைச் சமூகத்திலிருந்து பதவிக்கு வரும் ஒருவரைப் பெரும்பான்மைச் சமூகம் எந்தக் கண்ணாடியால் பார்க்கிறது என்பதற்கும், அவருடைய சொந்தச் சமூகம் எந்தக் கண்ணாடியால் பார்க்கிறது என்பதற்கும் இவருடைய வாழ்க்கையைப் போல் தெளிவான உதாரணம் வேறொன்றை நான் வாசித்ததில்லை.

பவல் 1908 நவம்பர் 29இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். தந்தையார் நியூயோர்க்கின் அபிசீனியன் பப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். 1923இல் அந்தத் தேவாலயம் ஹார்லெமுக்கு இடம்பெயர்ந்தது. நாட்டின் மிகப் பெரிய கறுப்பினச் சபைகளில் ஒன்று அது. வசதியான வீடு, நல்ல படிப்பு. அவருடைய தோற்றம் மட்டும் ஒரு சிக்கல். வெளிர் நிறம், நேரான முடி. அவரே சொன்னாலன்றிக் கறுப்பினத்தவர் என்று யாருக்கும் தெரியாது. கொல்கேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவரும் சொல்லவில்லை. சக மாணவர்கள் வெள்ளையர் என்று நினைத்துக்கொண்டார்கள், அவரும் அப்படியே நினைக்க விட்டார். உண்மை வெளிப்பட்டதும் வெள்ளை மாணவர்கள் ஒதுங்கினார்கள். கறுப்பின மாணவர்களுக்கும் ஆத்திரம். இருபது வயதை எட்டாத ஓர் இளைஞனுக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபட்ட அனுபவம் அது. பின்னாளில் எந்தக் கதவையும் உதைத்துத் திறக்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்துதான் வந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

1930களின் பொருளாதார வீழ்ச்சி ஹார்லெமைக் கடுமையாகத் தாக்கியது. தேவாலயத்தில் இலவச உணவு கொடுக்கும் வேலை இளம் பவலின் பொறுப்பாயிற்று. ஆனால் கஞ்சி ஊற்றுவதோடு அவர் நிற்கவில்லை. ஹார்லெமின் பிரதான கடைத்தெரு 125ஆம் வீதி. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். கல்லாவில் இருப்பவர்களும் விற்பனையாளர்களும் வெள்ளையர்கள். நமக்கு வேலை தராத கடையில் நம் காசைக் கொடுப்பதில்லை என்ற மறியல் இயக்கத்தின் முன்னணியில் அவர் நின்றார். 1939 நியூயோர்க் உலகக் கண்காட்சியில் கறுப்பினத்தவருக்கு வேலை கேட்டு மறியல் செய்தார். 1941இல் பஸ் பகிஷ்கரிப்பு. அதன் பின்னரே ஹார்லெம் வழியாக ஓடிய பஸ்களில் கறுப்பினச் சாரதிகளை நியமிக்கக் கம்பனிகள் இணங்கின. மொன்ட்கொமரி பஸ் பகிஷ்கரிப்பை நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இது அதற்கு 14 ஆண்டுகளுக்கு முந்தியது.

1937இல் தந்தையின் இடத்தில் போதகரானார். 1941இல் நியூயோர்க் மாநகர சபையின் முதல் கறுப்பின உறுப்பினர். 1944இல் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாகி 1945 ஜனவரியில் வொஷிங்டன் சென்றார். 435 உறுப்பினர்கள் கொண்ட அந்தச் சபையில் அப்போது இருந்த கறுப்பினத்தவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர் சிக்காகோவின் வில்லியம் டோசன்.

சபையின் உணவறை, முடிதிருத்தும் கடை, உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றில் கறுப்பின உறுப்பினர்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுதப்பட்ட சட்டம் அல்ல, வழக்கம். டோசன் அமைதியானவர், அந்த வழக்கத்தோடு மோதவில்லை. பவல் உணவறைக்குத் தனியாகப் போகாமல் தன் ஊழியர்களையும் தொகுதி மக்களையும் அழைத்துக்கொண்டு போனார். மிசிசிப்பி மாநிலத்தின் ஜோன் ரேங்கின் என்பவர், இந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று அறிவித்திருந்தார். பவல் தேடிப்போய் அவருக்குப் பக்கத்திலேயே உட்காருவார். ரேங்கின் எழுந்து வேறு ஆசனத்துக்குப் போவார், பவலும் பின்னால் போவார். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சபைக்குள் எங்கே உட்காருவது என்பதற்கே ஒருவர் தினமும் போராட வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் சிரிப்பு நின்றுவிடும்.

அதே 1945இல் அவருடைய மனைவி, புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஹேசல் ஸ்கொட்டுக்கு வொஷிங்டனின் கொன்ஸ்டிடியூஷன் மண்டபம் மறுக்கப்பட்டது. மண்டபத்தை நடத்திய பெண்கள் அமைப்பு வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டுமே அதைக் கொடுத்தது. அந்த நேரத்தில் ஜனாதிபதி ட்ரூமனின் மனைவி அதே அமைப்பின் தேநீர் விருந்துக்குப் போனார். பவல் அவரை முதல் பெண்மணி அல்ல, கடைசிப் பெண்மணி என்று கிண்டலடிக்க, ட்ரூமன் தன் பதவிக்காலம் முழுவதும் பவலை வெள்ளை மாளிகைக்கு அழைக்கவேயில்லை. அவமானப்படுத்தப்பட்டவரும் பவல்தான், அடங்காதவர் என்று பெயர் வாங்கியவரும் பவல்தான்.

1950களில் அவர் பெயர் ஒரு திருத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. பாடசாலை, வைத்தியசாலை, வீடமைப்பு என்று மத்திய அரசு பணம் ஒதுக்கும் எந்தச் சட்டமூலம் வந்தாலும் அவர் எழுந்து நிற்பார். இனத்தைச் சொல்லி மக்களைப் பிரிக்கும் நிறுவனத்துக்கு இதிலிருந்து ஒரு சதமும் போகக்கூடாது என்பது அந்தத் திருத்தம். சொந்தக் கட்சிக்காரர்களே எரிச்சலடைந்தார்கள். தென் மாநில உறுப்பினர்களை இது கோபப்படுத்தும், நல்ல சட்டமூலங்களும் தோற்கும் என்றார்கள். 1956இல் பாடசாலைக் கட்டிட நிதிச் சட்டமூலம் அப்படித்தான் தோற்றது. ஆனால் அவர் வருடக்கணக்காகத் தனியாகத் தூக்கித் திரிந்த அதே கொள்கைதான் 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாவது பகுதியாயிற்று.

நமது நாட்டோடும் இவருடைய கதை ஓரிடத்தில் தொடுகிறது. 1954இல் கொழும்பில் கூடிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் அடுத்த ஆண்டு பாண்டுங் மாநாட்டை அழைத்தார்கள். சேர் ஜோன் கொத்தலாவல இலங்கைக்காகச் சென்றார். ஆசிய, ஆபிரிக்க நாடுகள் ஒன்றுகூடும் அந்த இடத்துக்குத் தானும் போகவேண்டும் என்று பவல் கேட்டார். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் விரும்பவில்லை. அவர் தன் பாட்டில் கிளம்பிப் போனார். இவர் அங்கே தன் நாட்டைத் தாக்குவார் என்று நண்பர்களும் எதிரிகளும் எதிர்பார்த்தார்கள். அவரோ பத்திரிகையாளர் முன்னிலையில் அமெரிக்காவுக்காகப் பரிந்து பேசினார், இன உறவுகள் முன்னேறி வருகின்றன என்றார். நாடு திரும்பியதும் பாராட்டுக் கிடைத்தது. தேசப்பற்று பற்றிய சந்தேகம் சில மாதங்களுக்குத் தணிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பரீட்சையைச் சிலர் ஒருமுறையும் எழுத வேண்டியதில்லை. சிலர் ஒவ்வொரு வருடமும் எழுத வேண்டும்.

1961இல் சேவை மூப்பின் அடிப்படையில் அவர் பிரதிநிதிகள் சபையின் கல்வி, தொழில் குழுவின் தலைவரானார். அதற்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் வட கரோலினாவின் கிரஹாம் பார்டன், இனப்பிரிவினையை ஆதரித்தவர், பவலை ஓரங்கட்டியே வைத்திருந்தவர். பவல் வரப்போகிறார் என்றதும் தொழிற்சங்கங்களின் பெருந்தலைவர் ஜோர்ஜ் மீனியே பகிரங்கமாக எதிர்ப்புச் சொன்னார். ஆனால் அந்தக் குழு அடுத்த ஆறு ஆண்டுகளில் செய்த வேலை அசாதாரணமானது. குறைந்தபட்சச் சம்பள உயர்வு, தொழிற்பயிற்சிச் சட்டம், 1963இன் தொழிற்கல்விச் சட்டம், 1964இன் வறுமை ஒழிப்புச் சட்டம், நான் கலாசாலையில் படித்த 1965இன் கல்விச் சட்டம் எல்லாம் அவருடைய கையைக் கடந்தே வந்தன. வறிய பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் பாடசாலைகளுக்கு மத்திய அரசின் பணம் பெருமளவில் போகத் தொடங்கியது அந்தச் சட்டத்தோடுதான்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு வீரரின் சரித்திரம். மற்றப் பக்கத்தையும் எழுதாவிட்டால் நான் அவருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன்.

பவல் கணக்கில் கவனமற்றவர் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. 1958இல் வருமான வரி தொடர்பில் அவர் மீது வழக்குத் தாக்கலானது. 1960இல் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அடுத்த ஆண்டு அரசு வழக்கைக் கைவிட்டது. 1962இல் இரண்டு பெண் ஊழியர்களோடு லண்டன், பாரிஸ், வியன்னா என்று பொதுப் பணத்தில் சுற்றினார். அவருடைய மூன்றாவது மனைவி புவேர்ட்டோ ரிக்கோவில் வசித்துக்கொண்டே அவருடைய அலுவலக ஊழியராக ஆண்டுக்கு சுமார் 20,000 டொலர் சம்பளம் பெற்றார். குழு ஊழியர்களின் பெயரில் வாங்கிய விமான டிக்கெட்டுகளில் வேறு ஆட்கள் பயணித்தார்கள். வாக்கெடுப்புகளுக்கு வராத நாட்கள் ஏராளம். பஹாமாஸின் பிமினித் தீவில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார். 1965 கல்விச் சட்டமூலத்தையே தன் குழுவில் சில வாரங்கள் கிடப்பில் போட்டு ஜோன்சனைக் கொதிக்க வைத்தார். 1960இல் மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய உதவியாளரை விலக்கச் செய்வதற்காக, பொய்யென்று தெரிந்தே ஓர் அவதூறைப் பரப்பப்போவதாக மிரட்டியவரும் இவர்தான்.

அவரை இறுதியில் வீழ்த்தியது ஓர் அவதூறு வழக்கு. ஹார்லெமில் பொலிஸார் சூதாட்டக்காரர்களிடம் இலஞ்சம் வாங்குவதைப் பவல் அம்பலப்படுத்தி வந்தார். காரணம் நியாயமானது. ஆனால் 1960 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தன் தொகுதியைச் சேர்ந்த வயதான ஒரு விதவையின் பெயரைச் சொல்லி, பொலிஸாருக்குப் பணம் கொண்டுசெல்பவர் என்றார். சபைக்குள் சொன்னால் சிறப்புரிமை காக்கும், தொலைக்காட்சியில் காக்காது. அந்தப் பெண் வழக்குத் தொடர்ந்தார். 1963இல் ஜூரிகள் 211,500 டொலர் நட்டஈடு விதித்தார்கள், மேல்முறையீட்டில் அது 46,500 ஆகக் குறைந்தது. பவல் கட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நீதிமன்ற அழைப்புகளை அலட்சியம் செய்து பிடியாணைகளைச் சேர்த்துக்கொண்டார். சிவில் வழக்கில் ஞாயிற்றுக்கிழமை கைது செய்ய முடியாது என்பதால் ஞாயிறுகளில் மட்டும் ஹார்லெம் வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போனார். இறுதியில் குற்றவியல் பிடியாணை வந்ததும் அந்த வழியும் அடைபட்டது. கவனியுங்கள், வழக்குப் போட்டவர் வெள்ளையரல்ல. அவருடைய தொகுதியில், அவருடைய இனத்தைச் சேர்ந்த ஒரு ஏழை மூதாட்டி.

1967 ஜனவரியில் சொந்தக் கட்சியே குழுத் தலைமையைப் பறித்தது. சத்தியப்பிரமாணம் செய்ய விடாமல் சபை அவரை நிறுத்திவைத்து விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. குற்றங்கள் உண்மை என்று குழு கண்டது. ஆனாலும் அவரைச் சபையில் அமர்த்த வேண்டும், கண்டிக்க வேண்டும், 40,000 டொலர் தண்டம் அறவிட வேண்டும், சேவை மூப்பைப் பறிக்க வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. சபைக்கு அது போதவில்லை. மார்ச் 1ஆம் திகதி, 307க்கு 116 என்ற வாக்குகளால் அவரை உள்ளே விடுவதில்லை என்று தீர்மானித்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தையும் பார்ப்போம். கனெக்டிகட்டின் செனட்டர் தோமஸ் டொட், தேர்தலுக்காகத் திரட்டிய ஒரு இலட்சம் டொலருக்கும் அதிகமான பணத்தைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தினார் என்று செனட் சபை கண்டது. 92க்கு 5 என்ற வாக்குகளால் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அவ்வளவுதான். ஆசனம் போகவில்லை, சேவை மூப்பும் போகவில்லை. பதவிக்காலம் முடியும்வரை அவர் செனட்டராகவே இருந்தார். டொட் வெள்ளையர். செனட் வேறு சபை, அதன் விதிகளும் வேறு என்று வாதிடலாம். ஆனால் பொதுச் செலவில் சுற்றுலா போனவர்களும் உறவினரை ஊழியராக வைத்தவர்களும் பவல் இருந்த சபையிலேயே நிறையப் பேர். உறவினரை நியமிப்பதைத் தடுக்கும் சட்டமே பவலை வெளியேற்றிய பின், 1967 டிசம்பரில்தான் வந்தது. மனைவி தலைநகரிலோ தொகுதியிலோ இருந்து வேலை செய்யவில்லை என்பதுதான் பவலின் விதிமீறல். விதிமீறல்தான், சந்தேகமில்லை. அந்த விதியை வைத்து மற்ற 434 பேரின் அலுவலகங்களையும் யாராவது இப்படித் துருவினார்களா?

இதை எழுதும்போது 2019 ஜூன் 3 நினைவுக்கு வருகிறது. குற்றச்சாட்டு மூவர் மீது, பதவி விலகியவர்கள் நம் சமூகத்தின் அமைச்சர்கள் அனைவரும். அன்று எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் நிலவிய மௌனம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் இன்னொரு நினைவும் உண்டு. எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் கட்டிடம் அரைகுறையாக நின்றபோது, பணம் எங்கே போனது என்று கேட்ட பெற்றோர் ஒருவரை, இனவாதிகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று நம்மவர்களே வாயடைத்தார்கள். பிள்ளைகள் மூன்று மழைக்காலம் தகரக் கொட்டிலில் படித்தார்கள். அவன் மட்டுமா செய்தான் என்ற கேள்வி நியாயமானது. அதை எதிராளியிடம் கேட்கும்போது நியாயமானது. நமக்குள்ளே கணக்குக் கேட்பவரிடம் அதையே திருப்பிக் கேட்கும்போது, அது களவுக்குக் காவல் நிற்கிறது.

ஹார்லெம் என்ன செய்தது? 1967 ஏப்ரல் 11இல் நடந்த விசேட தேர்தலில் 86 சதவீத வாக்குகளால் அவரையே மீண்டும் தெரிவு செய்தது. அந்த மக்களை என்னால் குறைசொல்ல முடியாது. எங்கள் பிரதிநிதியை நாங்கள்தான் நீக்குவோம், நீங்கள் அல்ல என்று அவர்கள் சொன்னார்கள். சரியான பதில் அது. ஆனால் வென்றவர் ஆசனத்தைக் கேட்டு வொஷிங்டன் போகவில்லை. பிமினியிலேயே தங்கி, வழக்கை வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான மக்களுக்குப் பிரதிநிதிகள் சபையில் குரல் இல்லை. 1968 ஏப்ரல் 4இல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு நாள் கழித்து, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமூலம் சபையில் 250க்கு 172 என்று நிறைவேறியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மன்றத்தில் இதற்காகவே கத்தியவர் அன்று அங்கே வாக்களிக்கவில்லை. அந்தக் காலி ஆசனத்துக்கு 307 பேர் பொறுப்பு. 308ஆவது ஆள் பவல்.

1968 நவம்பரில் மீண்டும் வென்றார். 1969 ஜனவரியில் 25,000 டொலர் தண்டத்தோடும், சேவை மூப்பை இழந்தும், புதியவர்களின் வரிசையில் அமர்ந்தார். அந்த ஆண்டு ஜூன் 16இல் உயர் நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் ஏர்ல் வொரன். வயது, பிரஜாவுரிமை, வசிப்பிடம் ஆகிய மூன்று தகுதிகளையே அரசியலமைப்புச் சொல்கிறது. மக்கள் தெரிவு செய்த ஒருவரிடம் சபை நான்காவது தகுதி ஒன்றைக் கேட்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் நீக்க விரும்பினால், முதலில் உள்ளே எடுத்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். பவலின் பெயரில் அமைந்த அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதன் நிழலில் பின்னர் ஒதுங்கியவர்களில் பெரும்பாலானோர் சிறுபான்மையினர் அல்லர்.

தீர்ப்பு வந்தது, பழைய பவல் வரவில்லை. புற்றுநோய் பிடித்திருந்தது. சபைக்கு அவர் வந்த நாட்கள் குறைவு. 1970இல் கட்சிக்குள் நடந்த முதனிலைத் தேர்தலில் சார்ள்ஸ் ரங்கல் என்ற இளம் சட்டத்தரணி சுமார் 150 வாக்குகளால் அவரைத் தோற்கடித்தார். நாற்பது வயதேயான கறுப்பினத்தவர், ஹார்லெமின் பிள்ளை. அவர் முன்வைத்த பிரதான முறைப்பாடு, நமது உறுப்பினர் வேலைக்கு வருவதில்லை என்பதுதான். வெள்ளையர் சபை 307 வாக்குகளால் செய்ய முடியாததை, ஹார்லெம் வாக்காளர்கள் 150 வாக்குகளால் செய்தார்கள்.

பவல் 1972 ஏப்ரல் 4ஆம் திகதி மயாமியில் 63ஆவது வயதில் இறந்தார். அவர் மறியல் நடத்திய 125ஆம் வீதியில் இன்று பெரியதொரு மாநில அரசு அலுவலகக் கட்டிடம் நிற்கிறது. அதன் பெயர் அடம் கிளேடன் பவல். அதன் வாசலில், சாய்ந்தபடி மேட்டில் விரைந்து ஏறும் கோலத்தில் அவருடைய சிலை. அவரைத் தோற்கடித்த ரங்கல் 46 ஆண்டுகள் அந்தத் தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். 2010இல் வரி, வாடகை, நன்கொடை தொடர்பான விதிமீறல்களுக்காக அதே சபை அவரைக் கண்டித்தது. ரங்கல் அன்று சபையின் நடுவில் நின்று அதைக் கேட்டார். அடுத்த தேர்தலில் மக்களிடம் போனார்.